போல்ட் இல்லாத துவக்கு

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கடவுள் எதற்குக் கையைக் கொடுத்தார் என்று அரியரத்தினத்துக்கு விளங்கவில்லை. போன் பிடிக்க மட்டும்தான் போல. பழைய இராணுவத் துவக்குகளைப் பரப்பி வைக்கிற சந்தை மண்டபத்துக்கு வருவான்கள், மேசைக்கு முன்னால் நின்று ஒரு படம் அடிப்பான்கள், அதை எங்கேயோ இருக்கிற எவனுக்கோ அனுப்புவான்கள், அவன் எழுதி அனுப்புகிறதை வாசித்துவிட்டு "நாற்பத்திரண்டாம் ஆண்டுச் சாமான், அசல்" என்று தலையாட்டிக்கொண்டு போவான்கள். தொட்டுப் பார்க்கமாட்டான்கள். மணந்து பார்க்கமாட்டான்கள். கேட்டால் சிரிப்பான்கள்.

அரியரத்தினம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இங்கிலீசும் பிரெஞ்சும் அவருக்குக் கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான். ஆனால் மொன்றியலில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருசம் உருக்குச் சாமான்களை அராவியும் மினுக்கியும் தேறிய பெருவிரல் அவருடையது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துவக்கைத் தடவினால் போதும். எந்த இடத்தைத் துரு தின்றது, எந்த இடத்தை மனிதன் தின்றான், எந்த இலக்கம் தொழிற்சாலையில் அடித்தது, எது பிறகு ஒரு கள்ளன் பழையதை அழித்துவிட்டு அடித்தது எல்லாவற்றையும் அந்த விரல் சொல்லிவிடும். முப்பது வருசத்தில் அது ஒருமுறையும் பொய் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட விரல் வியாழக்கிழமை பின்னேரம் அவருக்கு ஒரு நடக்கமுடியாத காரியத்தைச் சொன்னது.

செயின்ட்-மிஷேலில் அவருடைய வீட்டுப் பேஸ்மென்ட். கொதிகலன் ஒரு மூலையில் முனகிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் பூஞ்சண மணமும், மரக்கட்டைகளுக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெயின் மணமும், மேலே அடுப்படியில் மனைவி சிவநேசம் வதக்குகிற வெங்காய மணமும் ஒன்றோடொன்று கலந்து கனத்துக் கிடந்தன. கூரையோடு ஒட்டிய சின்ன யன்னலைப் பனி பாதிவரை மூடியிருந்ததால், உள்ளே வந்த வெளிச்சம் பழைய பால் போல நீலம் பாரித்திருந்தது. ஒரு திருகாணி எடுக்கலாமென்று உதிரிச் சாமான்கள் கிடக்கும் பிஸ்கட் பேணிக்குள் கையை விட்டார். விரலில் ஒரு போல்ட் தட்டுப்பட்டது. துவக்கின் பின்பக்கத்தால் நுழைத்து, கைபிடியை உயர்த்தி, இழுத்து, தள்ளி, இறக்கிப் பூட்டுகிற உருக்குத் தண்டு அது. அதன் கைபிடி அடியில் இருந்த இலக்கத்தை நாலு நாளைக்கு முதல் அவர்தான் கிரைண்டரில் பிடித்து அழித்திருந்தார். கண்ணாடி போல வழவழவென்று ஆக்கித்தான் உள்ளே போட்டார்.

இப்போது அந்த இடம் வழவழப்பாக இல்லை. ஏதோ தட்டுப்பட்டது. ஈறுக்குள்ளிருந்து பல் முளைக்கிறபோது எப்படித் தட்டுப்படுமோ, அப்படி.

கையை வெளியே எடுத்து, காற்சட்டையில் துடைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். மெல்லியதாக, ஆனால் சந்தேகமில்லாமல், 7046.

அழித்ததற்குக் காரணம் அல்பேட்.

அல்பேட் குருநகர்க் கத்தோலிக்கன். ரொக்ஸ்பரோவில் பெரிய வீடு. மூன்று பாசையும் வாசிப்பான், எழுதுவான். மண்டபத்தில் துவக்குச் சேர்க்கிற தமிழர் இரண்டே பேர்தான், அரியரத்தினமும் அவனும். ஆனால் வெள்ளைக்காரர் ஒரு சந்தேகமென்றால் "மிஸ்டர் அல்பேட்" என்று அவனிடம்தான் போவார்கள். அவன் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து, ஆண்டையும் தொழிற்சாலையையும் காட்டிக் கதைப்பான். அரியரத்தினம் பக்கத்து மேசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் தன் விரலில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை. இந்த எரிச்சல் நேற்று முந்தாநாள் வந்ததல்ல, பதினைந்து வருசமாகக் கனன்றுகொண்டிருப்பது. சிவநேசத்துக்குக்கூடத் தெரியும்.

"அந்த மனுசன் உங்களுக்கு என்ன செய்தவர்? வருசத்துக்கு வருசம் கிறிஸ்மஸ் கேக் கொண்டுவந்து தாறார்."

"அந்தக் கேக்கிலையும் ஏதோ கிடக்கு. எனக்கு நம்பிக்கையில்லை."

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஆள், இஞ்சை வந்து பதினொரு துவக்கைப் பூட்டி வைச்சுக்கொண்டு கேக்குக்குப் பயப்பிடுறார்" என்று சொல்லி அவள் சிரித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அல்பேட் கூப்பிட்டான். போனார். சாப்பாட்டு மேசையில் ஒரு கம்பளிக்கு மேலே அது கிடந்தது. உலக யுத்த காலத்தில் கனடாவில் செய்த லீ-என்ஃபீல்ட் துவக்கு. ஒரு கிழவி செத்த வீட்டின் பரணிலிருந்து வந்ததாம். அரியரத்தினம் தொட்டார். எவனும் அராவாத மரம். எவனும் மினுக்காத இரும்பு. இரும்பு உடலில் 7046. மரக்கட்டையின் அடியில் 7046. பயனெட் கத்தி பூட்டுகிற முனைக்குப் பக்கத்தில்கூட ஒரு கீறல் இல்லை. தொழிற்சாலையிலிருந்து சேர்ந்து வந்த உறுப்புகள் எண்பது வருசத்துக்குப் பிறகும் பிரியாமல் இருப்பது இந்தத் தொழிலில் ஆயிரத்தில் ஒன்று. அவருடைய பதினொன்றும் கலப்புச் சாமான். ஒன்றின் உடல், இன்னொன்றின் போல்ட், மூன்றாவதின் கட்டை.

"போல்ட் மட்டும் இல்லை, அண்ணை" என்றான் அல்பேட். "அதுவும் கிடைச்சுதெண்டால் முழுசு. இந்த மாகாணத்திலை இப்பிடி ஒண்டு இருக்காது. நான் அந்தோனியாருக்கு நேந்திருக்கிறன். ஒன்பது செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி. துலைஞ்சதைக் கொண்டந்து தாறதிலை அவரை விட்டா ஆளில்லை."

"அந்தோனியாருக்கு லீ-என்ஃபீல்ட் போல்ட் தெரியுமே?"

அல்பேட் வாய்விட்டுச் சிரித்தான். "நீங்கள் உங்கட பேணியளுக்கை ஒருக்காத் தேடிப் பாருங்கோவன்."

"என்னட்டை இல்லை" என்றார் அரியரத்தினம்.

இலக்கங்களை அவர் மறப்பதில்லை. எழுத்து வராத ஆளுக்கு இலக்கம் நல்லாய் நிற்கும். பத்தொன்பது வருசத்துக்கு முதல் பழைய இரும்புக் குவியலில் ஒரு பெட்டி நிறைய வாங்கினதில் அந்தப் போல்ட் கிடந்தது. 7046. அல்பேட் வீட்டிலிருந்து வந்து சப்பாத்தையும் கழற்றாமல் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, கிரைண்டரைப் போட்டு, கைபிடியின் அடியைக் கல்லில் வைத்து அழுத்தினார். துவக்குச் சேர்க்கிறவன் எவனும் செய்யக்கூடாத வேலை அது. ஒரு உண்மையான இலக்கத்தை அழிக்கிறது. தெரிந்துதான் செய்தார். பொறி பறந்தது. உருக்கு எரிகிற மணம் வரவேண்டும், இருபத்தாறு வருசம் மணந்த மணம். அன்றைக்கு வேறொரு மணம் வந்தது. தலைமயிர் தீய்ந்த மாதிரி. கொதிகலனில் எலி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது, வியாழக்கிழமை, அந்த இலக்கம் திரும்பவும் அங்கே இருந்தது.

சரியாக அழிபடவில்லை, வேறொன்றுமில்லை. உருக்கில் ஆழமாக அடித்த இலக்கம் மேலே அராவினாலும் உள்ளே தழும்பாகக் கிடக்கும், அது அவருக்குத் தெரிந்த விசயம். போல்டைக் குறட்டில் இறுக்கி, அரத்தை எடுத்து, மூச்சு வாங்க வாங்க அராவினார். அராவ அராவ வலது மணிக்கட்டு கடுத்தது. வயசு. குளிர். இலக்கம் போனது. விரலால் தடவிப் பார்த்தார். வழவழப்பு. ஆனால் விரலை எடுக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அது சூடாக இருந்தது. அராவின சூடு என்று சொல்லி ஆறவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து தொட்டார். அதே சூடு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காய்ச்சல் இல்லாத ஒரு மனிதனின் சூடு.

சனிக்கிழமை இறங்கிப் பார்த்தார். 7046. முன்னையிலும் ஆழமாக.

அவருக்கு முதலில் வந்தது பயமல்ல. சந்தேகம். யாரோ வந்திருக்கிறான். இலக்கம் அடிக்கிற உளி ஒரு செட் அல்பேட்டிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டவர். பின்கதவைப் போய்ப் பார்த்தார். பனி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது, ஒரு காலடியும் இல்லை. யன்னலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று பேணியைப் பார்த்தார். கொதிகலன் முனகல் திடீரென்று நின்றபோது, அந்த அமைதிக்குள் மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. கிளிக். சின்ன இடைவெளி. கிளிக். எண்ணெய் போட்ட போல்ட் ஒன்று மேலே எழும்பிக் கீழே இறங்குகிற சத்தம். துவக்குக் கபினற்றைத் திறந்து பார்த்தார். பதினொன்றும் பூட்டோடு, அசையாமல், சுவரோடு சாய்ந்து நின்றன. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

சிவநேசம் கண்டாள். "கையிலை என்ன?"

"ஒண்டுமில்லை. சுளுக்கு."

"எண்ணெய் போட்டு உருவி விடட்டே?"

"தொடாதேயும்!"

அவள் பயந்துபோனாள். அவரும்தான். ஏனென்றால் அவள் கிட்ட வந்தபோது, தன்னுடைய சட்டைக் கைக்குள்ளே அவள் பார்த்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. எதைப் பார்ப்பாள் என்று அவருக்கே தெரியாது. குளிக்கும்போதும் அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. சவர்க்காரம் போடும்போது இடது பெருவிரல் மணிக்கட்டின் உள்பக்கத்துக்குப் போனால் உடனே இழுத்துக்கொண்டார். அவருடைய விரல் பொய் சொல்லாது. அதனால் அதைக் கேட்க விரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேணியில் போல்ட் இல்லை.

தட்டிக் கொட்டினார். திருகாணிகள், சுருள்கள், இரண்டு பழைய பார்வைக்குறிகள், ஒரு எண்ணெய்க் குப்பி. அது இல்லை.

"இஞ்சார், பேஸ்மென்ட்டுக்கு இறங்கினனீரே?"

"எனக்கென்ன விசரே? உங்கட இரும்புப் பெண்டாட்டியள் இருக்கிற இடத்திலை எனக்கென்ன வேலை?"

அப்போது போன் அடித்தது.

"அண்ணை!" அல்பேட்டின் குரல் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி உடைந்தது. "வந்திட்டுது அண்ணை! போல்ட் வந்திட்டுது! உடன வாங்கோ!"

பஸ்சில் ஒன்றரை மணித்தியாலம். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். கள்ளன். என் வீட்டுக்குள் வந்து எடுத்திருக்கிறான். எப்படி என்றுதான் தெரியவில்லை. ரொக்ஸ்பரோவில் இறங்கும்போது மணி நாலுதான், அதற்குள் மார்கழி வெளிச்சம் வடிந்துவிட்டது, தெருவிளக்குகள் எரிந்தன, பனி சப்பாத்துக்கு அடியில் மா அரைபடுகிற மாதிரி நொறுங்கியது, ஒரு சனம் தெருவில் இல்லை.

அல்பேட் தனியே இருந்தான். மனைவி ஒட்டாவாவில் மகள் வீட்டில். மாதா படத்துக்கும் அந்தோனியார் சுருவத்துக்கும் முன்னால் மெழுகுதிரி எரிந்தது. முதல் செவ்வாய்.

"மத்தியானம் கபினற்றைத் திறந்தன் அண்ணை. பூட்டின கபினற், திறப்பு என்ர கழுத்திலை. பாத்தால் துவக்குக்குள்ளை பூட்டினபடி கிடக்கு. நான் அழுதுபோட்டன். ஆரிட்டைச் சொன்னாலும் நம்பமாட்டினம். நீங்கள் நம்புவியளோ?"

"நான் ஒண்டையும் நம்பிறதில்லை" என்றார் அரியரத்தினம்.

"அதுதான் உங்களைக் கூப்பிட்டனான்." அல்பேட் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் வைத்தான். "மண்டபத்திலை எல்லாரும் என்னட்டை வந்து கேக்கிறாங்கள். நான் புத்தகத்தைப் பாத்துச் சொல்லுறன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம் எண்டால், எத்தினை தரம் உங்கட மேசையிலை கொண்டந்து சும்மா வைச்சிட்டு, நீங்கள் தொட்டுப்போட்டு மூஞ்சையைச் சுழிக்கிறியளோ எண்டு பாத்திருக்கிறன் தெரியுமே? உங்கட விரல் சொன்னாத்தான் எனக்கு உண்மை. சொல்லுங்கோ. இது அசலோ?"

பதினைந்து வருசமாக அவர் கேட்க விரும்பிய வார்த்தைகள் இவை. கேட்டபோது இனிக்கவில்லை. இதையும் அவனே கொடுக்கிறான். இதற்கும் அவன்தான் பெரியவன்.

துவக்கைப் பார்த்தார். அது முழுசாக இருந்தது. கைபிடியின் அடியில் 7046. அதன் ஓரத்தில், வியாழக்கிழமை அவருடைய அரம் வழுக்கியதில் விழுந்த நகக்கீறல் அளவு வடு. தன் வடு. போல்ட் கறுப்பாக இல்லை. அடியில், அரம் பட்ட இடத்தில், வெள்ளையாக இருந்தது. உருக்கு வெள்ளையல்ல. காய்ந்து வெளிறிய எலும்பின் வெள்ளை.

"என்ன மாதிரி ஓடுது பாருங்கோ" என்று அல்பேட் கைபிடியை உயர்த்தினான்.

அரியரத்தினத்தின் மணிக்கட்டு மேலே திரும்பியது.

தேத்தண்ணி மடியில் கொட்டியது.

அல்பேட் பார்க்கவில்லை. போல்டைப் பின்னால் இழுத்தான். அரியரத்தினத்தின் முழங்கை பின்னால் போய்க் கதிரையில் இடித்தது. தள்ளினான். கை முன்னால் நீண்டது. கைபிடியை இறக்கினான். உள்ளங்கை கவிழ்ந்தது.

கிளிக். அது அவருக்குள்ளே கேட்டது.

"ஐயோ, அண்ணை, சுட்டிட்டுதே?"

"இல்லை."

சுட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுடவில்லை. அந்தக் கையில் ஒன்றும் தெரியவில்லை.

"தொட்டுப் பாருங்கோ அண்ணை. சொல்லுங்கோ."

இடது கையால் தொட்டார். அதே சூடு. அடியில் மெல்லிய துடிப்பு. அவருடைய நெஞ்சு எப்படி அடித்ததோ, அதே கணக்கில்.

அசல். இதைவிட அசல் ஒன்றை அவர் தொட்டதில்லை. சொல்லலாம். "இது என்ர பேணிக்கை கிடந்தது அல்பேட், நான்தான் ஒளிச்சனான், அசல்தான்" என்று சொல்லலாம். சொன்னால் அல்பேட் கட்டிப்பிடிப்பான். அடுத்த சந்தையில் அந்தத் துவக்கு நடு மேசையில் இருக்கும். சனம் சுற்றி நிற்கும். மிஸ்டர் அல்பேட், மிஸ்டர் அல்பேட். அவர் பக்கத்து மேசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"கள்ளச் சாமான்" என்றார்.

அல்பேட்டின் முகம் அணைந்தது. "உண்மையாவோ?"

"அடிச்ச நம்பர். ஆரோ உம்மை நல்லாய்ப் பேய்க்காட்டியிருக்கிறான்."

அல்பேட் மெதுவாகத் தலையாட்டினான். மெழுகுதிரியை ஊதி அணைத்தான். போல்டைக் கழற்றி எடுத்தான்.

"அப்ப இதை இப்பிடி விடக்கூடாது அண்ணை. நாளைக்கு நான் கண்ணை மூடினால், பிள்ளையள் அசல் எண்டு நினைச்சு ஆருக்காவது வித்துப்போடுவினம். கள்ள நம்பரை அழிச்சுப்போட வேணும். அதுதானே முறை? கராஜுக்கை கிரைண்டர் கிடக்கு. ஆழமாய்ப் பிடிச்சு விடுறன்."

அதுதான் முறை. அவரே பலமுறை மற்றவர்களுக்குச் சொன்ன முறை.

வாய் திறந்தது. அல்பேட் காத்திருந்தான். உண்மையாகவே காத்திருந்தான், கையில் அந்த வெள்ளைத் தண்டோடு, ஒரு சொல் வந்தால் போதும் என்கிற மாதிரி.

"செய்யும்" என்றார் அரியரத்தினம். "உம்மட சாமான்."

சப்பாத்தை ஒரு கையால் மாட்டினார். ஜக்கற். கையுறை. வெளியே வந்தார். குளிர் முகத்தில் அறைந்தது. வாசலிலிருந்து தெருவுக்கு இருபது அடி. பத்தாவது அடியில், கராஜ் கதவுக்குப் பின்னால், கிரைண்டர் உறுமத் தொடங்கியது.

முதலில் வெறும் சத்தம்.

பிறகு கல் தொட்டது.

மணிக்கட்டு அதிர்ந்தது. வலிக்கவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு குடைகிற மாதிரி, தூரத்தில், ஆனால் தன்னுள்ளே. தலைமயிர் தீய்கிற மணம். திரும்பிப் பார்த்தார். கராஜ் கதவு பத்தடி. தட்டினால் போதும். இரண்டு சொல் போதும். நிப்பாட்டும். அசல்.

தட்டவில்லை.

நடந்தார். ஜக்கற் கையின் விளிம்பிலிருந்து ஏதோ உதிர்ந்தது. பனி என்று நினைத்தார். பனி மேலிருந்து விழவில்லை. வெள்ளை மா. காற்று அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோனது. கிரைண்டரின் குரல் ஏறியது. அல்பேட் கெட்டிக்காரன். ஆழமாகப் பிடிக்கிறான்.

பிடிக்கிறான்.

இன்னும் பிடிக்கிறான்.

வலது கையுறை கழன்று விழுந்தது.

வெறும் கையுறை விழுகிற சத்தம் வேறு. இது கனத்து விழுந்தது. பனிக்குள் பாதி புதைந்தது. தெருவிளக்கின் மஞ்சளில் அவர் குனியாமல் பார்த்தார். கையுறையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சின்னவிரல். மோதிரவிரல். பனியைப் பிடித்தன. பெருவிரல் மட்டும் மடங்காமல் முன்னும் பின்னும் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. எதையோ வாசிக்கிற மாதிரி.

"கள்ளச் சாமான்தான்" என்றார் அரியரத்தினம். வெறும் ஜக்கற் கையைப் பொக்கற்றுக்குள் சொருகிக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தைப் பார்த்து நடந்தார்.